தோப்பு வீட்டுக் கார் ஏன் கிளம்பவில்லை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, சேற்றில் மிதித்த கோழி சிமெண்டுத் தரையில் நடந்த மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே பெரிய ‘ற’ வரும், எங்கே சின்ன ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேசிவிடலாமே என்று கேட்கலாம். எதிரில் ஒருவர் நின்றால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன். காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பொள்ளாச்சி ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. கார், வேன், டிராக்டர் எல்லாவற்றுக்கும் ஒயரிங், பேட்டரி வேலை பார்க்கிறேன். ஓடுகிற வண்டி கடைக்கு வரும். ஓடாத வண்டியைத் தேடி நான் போவேன். இத்தனை வருடத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். வண்டி கிளம்பாத வீட்டுக்குப் போனால், வண்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல மாட்டார்கள். யார் மேல் தப்பு என்றுதான் முதலில் சொல்வார்கள். மகன்தான் ஏசியைப் போட்டு உட்கார்ந்திருந்தான், மருமகள்தான் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, அந்த மாதிரி. நான் தலையை ஆட்டிக்கொண்டே பானெட்டைத் திறப்பேன்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில்தான், தப்பு தன்னுடையது என்று ஒருவர் தானாகச் சொல்லிக் கேட்டேன்.

கூப்பிட்டது அந்த வீட்டு அம்மா. வயது எழுபதுக்குப் பக்கம் இருக்கும். போனில் குரலைத் தணித்துப் பேசினார்.

“ஏனுங்க தம்பி, கார் மறுக்காவும் நின்னு போச்சுங்க. பையனுக்குத் தெரியறதுக்குள்ள வந்து பாத்துப்போட்டுப் போறீங்களா?”

மொபெட்டில் என் கடை பேட்டரி ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலுக்கு ஒரு பக்கம் தகர ஷெட். அதற்குள் கவர் போட்டு மூடிய வெள்ளைக் கார். பத்து வருடத்து வண்டி, ஆனால் ஒரு கீறல் இல்லை. என் அப்பா இதே ரோட்டில் ஒரு தோப்பில் கூலி வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, தோப்பு வீடுகளுக்குப் போனால் கேட்டைத் தாண்டியதும் என் கால் நின்றுவிடும். யாரும் நிற்கச் சொல்வதில்லை. அந்த அம்மாதான் வந்து, “அங்கயே நின்னா எப்படீங்க, உள்ள வாங்க” என்று ஷெட் வரைக்கும் அழைத்துப் போனார்.

ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எங்கேயோ போகத் தயாராகி, போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் வணக்கம் சொல்வதற்கு முன்பே அவர் பேசினார்.

“வண்டிமேல ஒரு கோளாறும் இல்லீங்க. நாந்தான் லைட்ட அணைக்காம உட்டுப்போட்டேன்.”

கவரை எடுத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லைட் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

“சுவிட்சு ஆஃப்லதானுங்கய்யா இருக்குது?”

அவர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்ப, பொறகால வந்து நானே அணைச்சிருப்பேன். அதையும் மறந்திருப்பேன்.”

தன் மேலேயே பழி விழ அவரே தயாரித்த பதில் அது. அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

அந்த அம்மா நடந்ததைச் சொன்னார். இதற்கு முன் இரண்டு தடவை இதே மாதிரி நின்றிருக்கிறது. முதல் தடவை கோயமுத்தூரில் இருக்கும் மகன் போன் போட்டு ஓர் ஆளை அனுப்பினார். அவர் வேறொரு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, “லைட்டை அணைக்காம உட்டிருப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது தடவை பேட்டரியே புதிதாக மாற்றியாயிற்று. அப்போது மகன் சொல்லியிருக்கிறார்: “அப்பா, இனி ஒருக்கா இப்படி ஆச்சுன்னா சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க.”

மகன் கெட்டவர் இல்லை. பயம்தான். வீட்டுக்காரருடைய அண்ணன் கடைசி வருடங்களில் ஒவ்வொன்றாக மறந்துபோய், சொந்தத் தோப்பிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருப்பாராம். ஆள் விட்டுத் தேடிக் கூட்டி வருவார்களாம். அதே வியாதி அப்பாவுக்கும் வந்துவிட்டதோ என்று மகனுக்கு. மகனை விட அதிகமாக அப்பாவுக்கு.

“ராத்திரியில எந்திரிச்சு வந்து காரத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாருங்க” என்று அந்த அம்மா சொன்னார்.

“அதெதுக்கு அவருகிட்ட?” என்றார் வீட்டுக்காரர்.

“சொன்னாத்தானே தெரியும். டாக்டருகிட்டப் போனாப் பல்ல மட்டும் காட்டுனாப் போதுமா?”

நான் வேலையைத் தொடங்கினேன். சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் விளக்குகள் மினுங்கி அணைந்தன. என் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும், தொட்ட உடனே கிளம்பியது. அப்படியென்றால் ஸ்டார்ட்டர் நன்றாக இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஏறியது. புதுப் பேட்டரி, சார்ஜும் ஏறுகிறது, லைட்டும் எரியவில்லை. ஆனாலும் நிற்கும்போது பேட்டரி செத்துப்போகிறது.

“கடைசியா எப்பங்கய்யா ஓட்டுனீங்க?”

“நாலஞ்சு நாளு இருக்கும். தோப்பு வரைக்கும் போய்ட்டு வந்தேன். முந்தியெல்லாம் தெனமும் எடுப்பேன். இப்பப் பயமா இருக்குதுங்க.”

அவர் பயந்து குறைவாக ஓட்டியிருக்கிறார். குறைவாக ஓட்ட ஓட்டப் பேட்டரி இன்னும் சீக்கிரம் செத்திருக்கிறது. அது செத்ததும் இன்னும் பயந்திருக்கிறார்.

என்ஜினை நிறுத்தினேன். எல்லாக் கதவையும் சாத்தினேன். பேட்டரியின் ஒரு பக்க ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் என் டெஸ்ட் லேம்பை வைத்தேன். இது ஒரு சாதாரண பல்பு, இரண்டு பக்கமும் ஒயர். வண்டியில் எதுவும் கரண்ட் எடுக்கவில்லை என்றால் எரியாது.

மங்கலாக எரிந்தது.

வீட்டுக்காரர் எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “இது எதுக்குங்க எரியுது?”

“வண்டி நின்னாலும் எதோ ஒண்ணு கரண்டக் குடிச்சுட்டே இருக்குதுங்கய்யா.”

“அப்ப நான் மறக்கலீங்களா?”

வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னும் எனக்கே தெரியாது. தெரியாததைச் சொல்லி, பிறகு அது இல்லை என்று ஆகிவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார்? “இன்னும் பாக்கோணுங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்று தலையசைத்தார். ஆனால் நாற்காலிக்குப் போகவில்லை.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கினேன். எந்தப் பியூஸை எடுத்ததும் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் கரண்ட் போகிறது என்று அர்த்தம். ஹாரன், வைப்பர், ரேடியோ, உள்விளக்கு. எதை எடுத்தும் அணையவில்லை. கடைசிப் பியூஸும் துணிக்கு வந்தது. பல்பு அப்படியே எரிந்தது.

எனக்கு வேர்த்துவிட்டது. வண்டியின் கணக்கில் வராத ஒன்று கரண்ட் எடுக்கிறது. அப்படியென்றால் அது பியூஸ் பெட்டிக்குள் போகாமல் நேராகப் பேட்டரியிலிருந்து போக வேண்டும். மறுபடி பேட்டரி பக்கம் குனிந்து, பிளஸ் கிளாம்புக்கு அடியில் விரல் விட்டுத் தடவினேன். மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று தட்டுப்பட்டது. வண்டியோடு வந்த ஒயர் இல்லை. மஞ்சள் டேப் சுற்றி, யாரோ பிறகு கட்டியது. பெரிய ஒயர்களுக்குப் பின்னால் ஒளிந்து, என்ஜினுக்கும் ஆள் உட்காரும் பக்கத்துக்கும் நடுவில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது.

எங்கே போகிறது என்று தெரிய, மெல்ல ஒரு இழுப்பு இழுத்தேன்.

காப்பித் தம்ளரோடு வந்துகொண்டிருந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“அய்யோ, அம்மன் அசையறா!”

முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டில், ஆனைமலை மாசாணியம்மன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. நான் ஒயரை இழுத்தபோது படம் முன்னுக்கு ஆடியிருக்கிறது. இன்னொரு தடவை இழுத்தேன். மறுபடி ஆடியது.

“தம்பி, அந்த ஒயரா? அது சாமி வெளக்கு ஒயருங்க. அத மட்டும் எடுத்துப்போடாதீங்க.”

நான் கதவைத் திறந்து படத்துக்குப் பின்னால் பார்த்தேன். சிவப்புப் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு சின்னக் குண்டு பல்பு. என் டெஸ்ட் லேம்பைப் போலவே மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் கையை மறைத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு மேல் எப்போதும் கவர் வேறு.

கண்டுபிடித்தால் எனக்குச் சந்தோஷம் வரும். அன்றைக்கு வரவில்லை. யாரிடம், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரர்தான் கேட்டார். “அம்மணி, இந்த வெளக்கு எப்பப் போட்டது?”

“உங்களுக்குக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சு, ஆனமலைக்குப் போய் வேண்டுதல் செலுத்திட்டு வந்தமே, அன்னைக்குத்தானுங்க. பொள்ளாச்சியில நீங்க டீ குடிக்கப் போனீங்க, நான் கார் சாமான் கடையில போடச் சொன்னேன். அந்தப் பையன் மொதல்ல மினுக்கு மினுக்குன்னு கலர் கலரா ஒண்ணக் காட்டுனான். அம்மனுக்கு எதுக்குடா சினிமாக் கொட்டாய் லைட்டுன்னு, பூசை ரூம்புல இருக்கற மாதிரி செவப்புப் பல்பு கேட்டேன்.”

“சாவி எடுத்தா அணையாதா?”

“அணையக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். வெளக்கு அணைஞ்சா நல்லாவா இருக்கும்? நம்மூட்டுப் பூசை ரூம்புப் பல்பு வருசம் பூராவும் எரியுது, என்ன ஆயிப்போச்சு? நீங்க கண்ணுல மருந்த ஊத்திட்டு ரோட்டுல ஓட்டறீங்க, அவ ஒருத்தி முழிச்சிருந்து பாத்துக்குவான்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். துணியில் அடுக்கியிருந்த பியூஸ்களைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் எல்லா வீட்டுப் பூசை அறையிலும் அந்தச் சிவப்பு பல்பு உண்டு. என் வீட்டிலும் உண்டு. அது சுவரிலிருந்து கரண்ட் எடுக்கிறது, சுவரில் தீராது. கார் பேட்டரி குடத்துத் தண்ணீர் மாதிரி. இதை அவருக்கு விளக்கிச் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. காப்பித் தம்ளரைக் காரின் கூரை மேல் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“உங்களுக்காகத்தானுங்க போட்டேன்” என்றார்.

வீட்டுக்காரர் என்னிடம் திரும்பினார். “இத்தனூண்டு பல்பு பேட்டரியத் தின்னுருமா?”

“நிறுத்தியே வெச்சிருந்தா, நாலஞ்சு நாள்ல தின்னுருங்கய்யா.”

“வேற ஒண்ணும் இல்லியே?”

சிவப்பு ஒயரைக் கழற்றினேன். டெஸ்ட் லேம்ப் அணைந்தது. பியூஸ்களை எல்லாம் திரும்பப் போட்டு, கதவைச் சாத்திக் காட்டினேன். எரியவில்லை. அவர் அந்த அணைந்த பல்பை என் கையிலிருந்து வாங்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். அல்லது இரண்டும்தானோ என்னவோ.

“அண்ணனாட்ட ஆயிட்டேன்னு நெனச்சனே, அம்மணி. தெனமும் விடிஞ்சதும் பேரன் பேத்திக பேரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாப்பேன். எதாவது ஒண்ணு உட்டுப்போச்சான்னு.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“நீ அம்மன்கிட்டச் சொன்னயே தவிர எங்கிட்டச் சொன்னயா, லைட்டு அணையாதுன்னு?”

அந்த அம்மா அழுகையோடு சிரித்தார். எனக்கு ஆறிப்போன காப்பியைக் கொடுத்தார். குடித்தேன்.

மகனுக்கு அந்த அம்மாவே போன் போட்டார். “கண்ணு, தப்பு அப்பாமேல இல்ல சாமி, எம்மேல” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மகன் பேசியதும் எனக்குக் கேட்டது. “அப்பாவத் திட்டிப்போட்டேனேம்மா” என்றார். பிறகு, “லைட்டு சரிம்மா. போன மாசம் சந்தையில காரை நிறுத்திப்போட்டுப் பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துட்டாரே, அதுக்கும் அம்மனா காரணம்?”

எனக்கு அங்கே நிற்கச் சங்கடமாக இருந்தது. ஒயரைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போனை வாங்கினார்.

“அது நெசந்தான் கண்ணு. தேங்கா வெலயப் பேசிட்டே வந்தேன், நம்மூரு பஸ் நின்னுச்சு, ஏறிப்போட்டேன். காரு வாங்கறதுக்கு முந்தி அந்தப் பஸ்ஸுலதானே காலம் பூராவும் போனேன். அது மறதியா, பழக்கமான்னு எனக்கே தெரியல.”

“ஞாயித்துக்கெழம வாரனுங்கப்பா. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன். நீங்க ஓட்டுங்க, பாக்கலாம்.”

“பாக்கலாம் வா” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை.

சாமி விளக்கை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எடுத்துவிடுங்கள் என்றார் அம்மா. வேண்டாம், இருக்கட்டும் என்றார் வீட்டுக்காரர். சாவியைத் திருப்பினால் மட்டும் எரிகிற மாதிரி, பியூஸ் வைத்துக் கட்டித் தர முடியும் என்று நான் சொன்னேன். சாமி விளக்கு நடுவில் அணையலாமா என்று அந்த அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை.

“ஊட்டுல இருக்கறப்ப ஊட்டுச் சாமி பாத்துக்குது. ரோட்டுல போறப்ப இவ பாத்துக்கட்டும். ரெண்டு ஷிப்டும் ஒருத்தியே பாக்க முடியுமா?” என்றார் வீட்டுக்காரர். அம்மா காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சரி என்றுதான் அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைச் செய்யப் போனேன். முடிக்கும் நேரத்தில் மகன் வந்தார். ஐடி கம்பெனியில் பெரிய வேலை என்று சொல்லியிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

“அண்ணா, நீங்க அன்னைக்குக் கூடவே இருந்தீங்க. நெசமாச் சொல்லுங்க, அப்பா ஓட்டலாமுங்களா?”

“வண்டி ஓடுமுங்க. மத்தது எனக்குத் தெரியாதுங்க” என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவும் தெரியாது. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா ஓட்ட, மகன் பக்கத்தில் உட்கார, கார் கிளம்பிப் போயிற்று. நானும் அந்த அம்மாவும் ஷெட்டில் நின்றோம். போகலாம் என்று நான் சாமான்களைக் கட்டினேன். “இருங்க தம்பி, தனியா நிக்க ஒரு மாதிரியா இருக்குது” என்றார். இருந்தேன். ரோட்டில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவர் எட்டிப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்துக் கார் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தது மகன். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான்.

வீட்டுக்காரர் இறங்கி, மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“போறப்ப நான் ஓட்டுனேன் அம்மணி. தோப்புக்குப் போற ரோட்டுல ஒரு சிரமமும் இல்ல. மெயின் ரோட்டுல ஏறுனதும், பொறகால இருந்து எது வருது, எந்தப் பக்கம் வருதுன்னு புடிபட மாட்டேங்குது. அவன் ஒண்ணும் சொல்லல. நாந்தான் ஓரங்கட்டி, நீ ஓட்டு கண்ணுன்னேன்.”

“அன்னைக்குக் கேட்டிருந்தா இதையெல்லாம் நீங்க ஒத்துட்டிருப்பீங்களா?” என்றார் அம்மா.

“அன்னைக்கு நான் செய்யாததயே ஒத்துட்டு ஒக்காந்திருந்தேன். இதைச் சொல்ல ஏது தெம்பு?”

மகன் காரைச் சுற்றி வந்து, சாவியை அப்பாவிடம் நீட்டினார். “தோப்புக்கு நீங்க போங்கப்பா. கோயமுத்தூருக்கு வர்றதுன்னா ஒரு போன் போடுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“பொள்ளாச்சிக்கு?”

“பொள்ளாச்சிக்கும் நான்தான் வருவேன்.”

“சந்தைக்கு?”

மகன் சிரித்துவிட்டார். “சந்தைக்குப் பஸ்ஸுல போங்க. நீங்க எப்படியும் பஸ்ஸுலதானே திரும்பி வரப்போறீங்க.”

வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையால் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், “தம்பி, நாளைக்குக் காலையில தோப்புல எளநி போடறாங்க. கடைக்குக் கொஞ்சம் கொண்டுவந்து எறக்கிப்போடட்டுமா?” என்று கேட்டார்.

“கடை மெயின் ரோட்டுல இருக்குதுங்கய்யா” என்றேன். எப்படித்தான் அந்த வார்த்தை எனக்கு வந்ததோ.

“அட, ஆமா. அப்ப நீங்களே தோப்புக்கு வந்துருங்க” என்றார்.

மறுநாள் போனேன். எனக்கு முன்பே வெள்ளைக் கார் தோப்புக்குள் தென்னை நிழலில் நின்றுகொண்டிருந்தது.

எழுதி முடித்தது, ஆடிப் பதினெட்டாம் நாள், மத்தியானம், கடையைச் சாத்திவிட்டு.